கேமரா கெட்டுப்போகல தம்பி, அந்த ரெண்டு ரோல்லயும் என்ன நடந்துச்சுன்னு நெகட்டிவ்லயே இருக்கு

நீங்க கேட்டத முதல்ல சுருக்கி சொல்லிடறேன், மத்தவங்க படிச்சாலும் புரியணும்ல. செகண்ட் ஹேண்ட்ல யாஷிகா மேட் 124ஜி வாங்கிருக்கீங்க, மேல ஒண்ணு கீழ ஒண்ணுன்னு ரெண்டு லென்ஸ் வெச்சு, 120-ங்கற அகலமான ரோல் பிலிம் போடற கேமரா. இதுக்கு முன்னாடி 35 எம்எம் மட்டும்தான் பழக்கம். முதல் ரோல் அக்கா வளைகாப்புல, ஹாலுக்குள்ள, ஃப்ளாஷ் மாட்டி எடுத்தது, லேப்ல குடுத்து கழுவி வாங்குனா பன்னெண்டுல ஒரு படம்கூட இல்ல, பிலிம் முழுக்க கிளியரா இருக்கு. அந்தக் கோவத்துல லேபே வேணாம்னு ரெண்டாவது ரோல மாமல்லபுரத்துல வெயில்ல எடுத்துட்டு வந்து வீட்லயே டெவலப் பண்ணிருக்கீங்க. அதுல படம் இருக்கு, ஆனா ரெண்டு ஓரமும் கருப்பு ஏறிருக்கு, ஆரம்பத்துல ரெண்டு மூணு படம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டி ஏறி நிக்குது, ஒரு பக்கமா பிலிமோட முழு நீளத்துக்கும் அகலமா ஒரு பட்டை வெளுத்துப் போயிருக்கு, கிட்டக்க நிக்க வெச்சு எடுத்தவங்களுக்கு நெத்தியக் காணோம். கேமராவ வித்துடலாமான்னு கேக்கறீங்க.

விக்காதீங்க. நீங்க அனுப்புன நெகட்டிவ் போட்டோவ பெருசு பண்ணி நல்லா பாத்துட்டேன், இதுல கேமராவ சந்தேகப்பட ஒரே ஒரு விஷயம்தான் இருக்கு, அதுவும் பாதி சந்தேகம்தான். மிச்சமெல்லாம் 35 எம்எம்ல இருந்து 120-க்கு வர்றவங்க வழக்கமா வந்து மாட்டற இடங்க. 120-ல எது சொதப்பினாலும் அது நெகட்டிவ்ல ஒரு அடையாளத்த விட்டுட்டுத்தான் போகும், அதுவும் முக்கால்வாசி படத்துக்கு வெளிய, ஓரத்துல இருக்கும். லேப்ல இருந்து வர்ற ஸ்கேன்ல அந்த ஓரத்த வெட்டிடுவாங்க, அதனால ஸ்கேன மட்டும் பாத்துட்டு காரணம் தேடினா கண்டுபிடிக்கவே முடியாது. நெகட்டிவ்வ கண்டிப்பா கேட்டு வாங்குங்க, அதுவும் வெட்டாம முழு நீளத்துக்கு குடுக்கச் சொல்லுங்க.

முதல் ரோலுக்கு வருவோம், எல்லாரும் லேப திட்டற இடம் இதுதான். பிலிமோட ஓரத்துல கம்பெனி பேரு, பிலிம் பேரு, நம்பர் எல்லாம் இருக்கும்ல, அது மையால அச்சடிச்சது கிடையாது, ஃபேக்டரிலயே வெளிச்சத்தால பதிச்சு வெச்சது, டெவலப் பண்ணாத்தான் தெரியும். அப்ப கிளியரா வந்த பிலிம்ல ஓரத்து எழுத்து நல்லா கருப்பா தெரிஞ்சா டெவலப்பிங் ஒழுங்கா நடந்துருக்குன்னு அர்த்தம், லேப் மேல தப்பு இல்ல, பிலிம் மேல வெளிச்சமே விழல. எழுத்தும் சேந்து காணோம்னா டெவலப்பர் (படத்த வர வைக்கற கெமிக்கல்) செத்துப் போயிருக்கும், இல்ல டெவலப்பருக்கு முன்னாடி ஃபிக்சர (வந்த படத்த நிலைக்க வைக்கறது) ஊத்திருப்பாங்க. உங்க முதல் ரோல்ல எழுத்து பளிச்சுன்னு இருக்கு. லேப் பாவம், விட்டுடுங்க.

அப்ப வெளிச்சம் ஏன் விழல? ஷட்டர் ஓடல்லியோன்னு பாத்தா ரெண்டாவது ரோல்ல அதே ஷட்டர் நல்லா ஓடிருக்கு. ரெண்டு ரோலுக்கும் இருக்கற பெரிய வித்தியாசம் ஃப்ளாஷ்தான். இப்ப கேமராவ கையில எடுத்து லென்ஸ் பக்கத்துல ஃப்ளாஷ் வயர் சொருகற ஓட்டைக்குக் கிட்ட பாருங்க, ஒரு சின்ன லீவர் இருக்கும், எம், எக்ஸ்னு ரெண்டு எழுத்து போட்டு. பெட் வெச்சு சொல்றேன், உங்களுது எம்ல இருக்கும். அந்தக் காலத்துல ஃப்ளாஷ் பல்ப்னு ஒண்ணு இருந்துச்சு, ஒரு தடவ எரிஞ்சதும் தூக்கிப் போட்டுட்டு புதுசு மாட்டணும். பட்டன அமுக்குனதும் அது உடனே முழு வெளிச்சத்துக்கு வந்துடாது, உள்ள இருக்கற உலோகம் பத்தி எரிஞ்சு உச்சத்துக்குப் போக சுமார் 15, 20 மில்லிசெகண்ட் எடுக்கும். அதுக்காக எம்ல வெச்சா முதல்ல பல்புக்கு கரண்ட் போகும், அந்தக் கொஞ்ச நேரம் காத்திருந்துட்டு அப்புறமாத்தான் ஷட்டர் திறக்கும். நீங்க மாட்டுனது எலக்ட்ரானிக் ஃப்ளாஷ், அது ஒரு மில்லிசெகண்ட் அளவுல அடிச்சு முடிச்சுடும். ஷட்டர் திறக்கறப்ப ஹால்ல பழைய டியூப் லைட் வெளிச்சம் மட்டும்தான் மிச்சம். எஃப் 8, 60-ல ஒரு செகண்ட்னு வெச்சிருந்தா அதுல ஒண்ணும் பதியாது. நெகட்டிவ்வ ஒரு கருப்பு துணிக்கு மேல சாய்ச்சுப் பிடிச்சுப் பாருங்க, ஜன்னலோ குத்துவிளக்கு சுடரோ லேசா நிழலாட்டம் ஒண்ணு ரெண்டு தெரியும்னு நெனைக்கிறேன். இதுல கொடுமை என்னன்னா எடுக்கறப்ப உங்களுக்கு சந்தேகமே வராது, ஃப்ளாஷும் அடிச்சது, ஷட்டரும் சத்தம் போட்டுச்சு, எல்லாரும் கண்ண வேற சிமிட்டுனாங்க.

லீவர எக்ஸ்ல தள்ளுங்க, தள்ளிட்டு அங்க ஒரு துண்டு டேப் ஒட்டிடுங்க, வாழ்நாளைக்கும் எம் உங்களுக்கு தேவைப்படாது. எக்ஸ்ல வெச்சா, லென்ஸுக்குள்ளயே இதழ் மாதிரி விரியற இந்த லீஃப் ஷட்டர்ல 500-ல ஒரு செகண்ட் வரைக்கும் எந்த வேகத்துலயும் ஃப்ளாஷ் ஒத்துப் போகும், உங்க 35 எம்எம் எஸ்எல்ஆர்ல அது முடியாது. வெயில்ல நிழல் விழுந்த முகத்துக்கு ஃப்ளாஷ் குடுக்கறதுக்கு இதவிட வசதியான கேமரா கம்மி, கத்துக்கிட்டீங்கன்னா ரொம்ப உதவும். செல்ஃப் டைமர் லீவர் ஒண்ணு இருக்கும், அத மட்டும் தொடாதீங்க. இவ்ளோ வயசான ஷட்டர்ல செல்ஃப் டைமர் பாதில நின்னுச்சுன்னா ஷட்டரே அதோட சேந்து மாட்டிக்கும், அப்புறம் பிரிச்சாத்தான் உண்டு.

கிளியர் பிலிமுக்கு வேற காரணமும் இருக்கு, நீங்க தாண்டி வந்துட்டாலும் சொல்லி வைக்கறேன். மேல இருக்கற லென்ஸ்ல பாக்கறோம், கீழ இருக்கற லென்ஸ்ல படம் விழுது, அதனால கீழ மூடி போட்டிருந்தாலும் நமக்குத் தெரியாது. பேப்பர் வெளிப்பக்கமும் உள்பக்கமும் மாறிப் போற மாதிரி ரோல மாட்டினா பிலிமுக்கு முன்னாடி கருப்பு பேப்பர் வந்து நிக்கும், அப்பவும் இதே கதிதான். எழுத்தும் அம்புக்குறியும் அச்சடிச்ச பக்கம் எப்பவும் உங்களப் பாக்கணும், லோட் பண்றப்ப அம்புக்குறியே கண்ணுல படலன்னா அங்கயே நிறுத்திடுங்க.

இப்ப ரெண்டாவது ரோல், ஓரத்து கருப்பு. நெகட்டிவ்ல வெளிச்சம் பட்ட இடம்தான் கருப்பா வரும். 120 பிலிம் கோடாக் 1901-ல ஒரு பிரவுனி பெட்டி கேமராவுக்காக கொண்டு வந்தது, அன்னிக்கு இருந்த ஏற்பாடுதான் இன்னிக்கும். 35 எம்எம்ல ஒரு டப்பா இருக்கு, வாயில வெல்வெட் இருக்கு, எடுத்து முடிச்சதும் திருப்பி சுத்தி உள்ள அனுப்பிடறோம். இதுல டப்பாவே கிடையாது. நீளமா ஒரு பேப்பர், அதோட நடுவுல பிலிம், ரெண்டும் சேந்து ஒரு ஸ்பூல்ல சுத்தி இருக்கு, அவ்ளோதான். வெளிச்சம் உள்ள போகாம தடுக்கறது ரெண்டு விஷயம், பேப்பரோட இறுக்கமும், ரெண்டு பக்கமும் இருக்கற ஸ்பூல் தட்டும். தளர்வா சுருட்டுன பாய் மாதிரி ரோல் உப்பி இருந்தா பேப்பர் ஓரம் தட்ட விட்டு விலகி நிக்கும், அந்த இடுக்குல வெயில் நேரா இறங்கும். ஓரத்துல இருந்து உள்ள நோக்கி அலையலையா கருப்பு ஏறிருந்தா அது இதுதான். கலர் பிலிமா இருந்தா ஸ்கேன்ல ஆரஞ்சு, சிவப்புன்னு தெரியும். பாடில ஓட்டை இருந்து வெளிச்சம் கசிஞ்சா வேற மாதிரி இருக்கும், ஒவ்வொரு ஃப்ரேம்லயும் ஏறக்குறைய அதே இடத்துல அதே வடிவத்துல ஒரு கறை வரும். உங்களுது ரோலோட கடைசில அதிகமாவும் நடுவுல கம்மியாவும் இருக்கு. எடுத்து முடிச்ச ரோல்ல கடைசி படங்கதான் வெளிப்பக்கத்து சுத்துல இருக்கும், அதுக்குத்தான் முதல் அடி. அதனால கேமராவ விட ரோல கழட்டுன விதத்தத்தான் நான் சந்தேகப்படுவேன். ஆனாலும் பின்மூடி ஓரத்துல இருக்கற ஃபோம ஒரு தடவ விரலால தொட்டுப் பாருங்க. கருப்பா பிசுபிசுன்னு கையில ஒட்டுச்சுன்னா அதோட ஆயுள் முடிஞ்சு போச்சு, புது ஃபோம் வெட்டி ஒட்டறது பெரிய வேலை இல்ல.

லோட் பண்ற பழக்கத்த இப்பவே சரி பண்ணிக்கோங்க. நிழல்ல நில்லுங்க, நிழலே இல்லன்னா வெயிலுக்கு முதுக காட்டி உங்க நிழல்லயே பண்ணுங்க, மாமல்லபுரம் கடற்கரைல மத்தியானம் ஒரு மணிக்கு நின்னுக்கிட்டு ரோல் மாத்தக்கூடாது. புது ரோல சுத்தி ஒட்டிருக்கற காகிதப் பட்டைய முழுசா கிழிச்சு பாக்கெட்ல போட்டுக்கோங்க, அது கேமராவுக்குள்ள விழுந்து பிலிம் பாதைல மாட்டுன கதையெல்லாம் உண்டு. புது ரோல் கீழ, காலி ஸ்பூல் மேல. பேப்பர் நுனிய மேல ஸ்பூலோட வெட்டுக்குள்ள நடுவுல நேரா சொருகி, கோணலா போகலையான்னு ஒரு சுத்து சுத்திப் பாத்து, கீழ ரோல கட்டை விரலால லேசா அமுக்கிப் பிடிச்சுக்கிட்டே மெதுவா சுத்துங்க. அந்த லேசான பிடிதான் ரோல இறுக்கமா வெக்கறது, கடைசி வரைக்கும் அந்த இறுக்கம்தான் காப்பாத்தும். அம்புக்குறி பாடில இருக்கற குறிக்கு நேரா வந்ததும் நிறுத்தி, மூடி, அப்புறம் கிராங்க் (பிலிம் சுத்தற கைப்பிடி) தானா நிக்கற வரைக்கும் சுத்துங்க, ஒண்ணாம் நம்பர் வரும். அம்புக்குறிய தாண்டி சுத்திட்டா கடைசி படத்தோட ஒரு பகுதி போயிடும். மூடறதுக்கு முன்னாடி உள்ள பிலிம அமுக்கிப் பிடிக்கற பிரஷர் பிளேட் 120-க்குத்தான் இருக்கான்னு பாருங்க, இந்த மாடல்ல 220-ங்கற ரெட்டை நீள பிலிமுக்கும் மாத்திக்கலாம். 220-ல நடுவுல பேப்பர் இருக்காது, அதுக்கு வெச்ச பிளேட்ல 120 போட்டா பிலிம் ஒழுங்கா உக்காராது, கவுன்டரும் பன்னெண்டுல நிக்காம 24-க்கு ஓடும்.

முடிக்கறப்பதான் 35 எம்எம் பழக்கம் வந்து கால வாரும். ரிவைண்ட்னு ஒண்ணு இதுல இல்ல. பன்னெண்டாவது படம் எடுத்ததும் திறக்கவே கூடாது, பேப்பரோட வால் முழுசா மேல ஸ்பூலுக்குப் போற வரைக்கும் சுத்திக்கிட்டே இருக்கணும், கையில இழுவை போயி கிராங்க் லேசாகறது நல்லாவே தெரியும், அதுக்கப்புறமும் ரெண்டு மூணு சுத்து சுத்துங்க. அப்புறம் நிழல்ல திறந்து, ரோல் பிரியாம விரலால அமுக்கிப் பிடிச்சு வெளிய எடுத்து, பேப்பர் நுனிய உள்ள மடிச்சு, பசை டேப்ப ஒட்டுங்க. சில கம்பெனியோடத நாக்குல நனைக்கணும், சிலது உரிச்சு ஒட்டறது. இறுக்கறேன்னு ரெண்டு கையாலயும் பிடிச்சு ரோல முறுக்காதீங்க, உள்ள பிலிம் மேல பேப்பர் உரசி கீறல் விழும். ஒட்டுனத அப்படியே வெயில்ல வைக்காம ஒரு டப்பாலயோ கருப்பு கவர்லயோ போட்டுடுங்க, அதே கவர்ல டெவலப் பண்ற அன்னிக்கு வரைக்கும் இருக்கட்டும். காலியான கீழ் ஸ்பூல மேல மாத்திப் போட்டுட்டா அடுத்த தடவ தேட வேண்டியதில்ல.

பேப்பர பத்திப் பேசறதால ஒண்ணு. நம்ம ஊர்ல நெறைய வீட்டு பீரோல அக்ஃபா கிளிக் த்ரீ கிடக்கும், பரோடால நியூ இந்தியா இண்டஸ்ட்ரீஸ் செஞ்சது, அதுவும் 120தான். அதுல கவுன்டர் கிடையாது, பின்னாடி ஒரு சிவப்பு ஜன்னல் வழியா பேப்பர்ல இருக்கற நம்பர பாத்து சுத்தணும். சிவப்பு வெச்சதுக்குக் காரணம் அந்த முறை வந்தப்ப பிலிம் சிவப்பு வெளிச்சத்த உணராது. இன்னிக்கு வர்ற பெரும்பாலான பிலிம் சிவப்பையும் உணரும், அதுவும் 400 ஸ்பீட்னா கேக்கவே வேணாம், அதனால அந்த மாதிரி கேமராவ யாராவது குடுத்தா ஜன்னல் மேல கருப்பு டேப் ஒட்டி, சுத்தற நேரத்துக்கு மட்டும் நிழல்ல திறந்து பாருங்க. சுத்த மறந்துட்டு மறுபடி அமுக்குனா அது தடுக்காது, ஒரே ஃப்ரேம்ல ரெண்டு படம் விழும். உங்க யாஷிகா அந்த விஷயத்துல நல்ல புள்ள, சுத்தாம அடுத்தது அமுக்க விடாது.

அப்ப உங்க முதல் ரெண்டு மூணு படம் ஏன் ஏறி நிக்குது? நான் பாதி சந்தேகம்னு சொன்னது இதத்தான். பிலிம் எவ்ளோ நகர்ந்துச்சுன்னு கேமரா உள்ள அளந்துதான் கிராங்க நிறுத்துது. பேப்பர் தளர்ந்து இருந்தா ஆரம்பத்துல அந்த அளவு தப்பும், ரோல் இழுத்துப் பிடிச்சதும் தானா சரியாயிடும். உங்களுக்கும் நாலாவதுல இருந்து இடைவெளி சீரா இருக்கு, ஓரத்து கருப்பும் தளர்வுன்னுதான் சொல்லுது, ரெண்டும் பொருந்துது. கிராங்க பாதில விட்டாலும் குழப்பம் வரும், முன்னாடி நிக்கற வரைக்கும் ஒரே மூச்சுல சுத்தி, அப்புறம் பின்னாடி திருப்பி பழைய இடத்துக்கே கொண்டு வந்து மடக்கிடணும். அடுத்த ரோல இறுக்கமா லோட் பண்ணுங்க, அப்பவும் இடைவெளி தாறுமாறா வந்தா அது கேமராவோட கோளாறு, இந்த மாடல பிரிச்சு பழக்கம் இருக்கற ஆள்கிட்ட குடுங்க, நீங்களா ஸ்க்ரூ டிரைவர் எடுக்க வேணாம். ஃப்ரேம் ஒட்டறதுக்குன்னே பேர் வாங்குன கேமராவும் இருக்கு, கிழக்கு ஜெர்மனி பென்டகான் சிக்ஸ், அதுல லீவர இழுத்துட்டு தானா தெறிச்சு திரும்ப விட்டா போச்சு, கையோட கொண்டு வந்து விடணும்.

வெளுத்த பட்டை. இதுக்கும் ஓரத்து எழுத்துதான் சாட்சி, உங்க போட்டோலயே பாருங்க, ஒரு ஓரத்துல எழுத்து நல்லா கருப்பு, எதிர் ஓரத்துல எழுத்து மங்கல். கேமராவுக்குள்ள நடந்த எதுவும் அந்த எழுத்த தொடாது, அப்ப இது டெவலப்பிங் டேங்க்ல நடந்தது. நீங்க 300 எம்எல் டெவலப்பர் ஊத்துனதா எழுதிருக்கீங்க. 35 எம்எம் ரோல் ஒண்ணுக்கு அது போதும், பேட்டர்சன் டேங்க்னா அடியிலயே போட்டிருக்கும், 35-க்கு 290, 120-க்கு 500. 120 பிலிம் ஆறு சென்டிமீட்டருக்கு மேல அகலம், பிலிம சுத்தி வெக்கற ரீல் உள்ள நெட்டுக்குத்தா நிக்குது, 300-ல பாதிக்கு மேல கொஞ்சம்தான் முழுகும், மேல இருந்த பக்கம் நீங்க டேங்க கவுத்தப்பல்லாம் மட்டும் நனைஞ்சிருக்கு. அதான் ஒரு பக்கம் சரியா, ஒரு பக்கம் வெளுத்து. ஐநூறு ஊத்துங்க, பத்து இருபது கூட இருந்தா தப்பில்ல. நடு குழாய்ல ரீல் மேல ஏறிடாம அதுக்குன்னு குடுத்த கிளிப்ப மாட்டிடுங்க, ரீல் நழுவி மேல போனாலும் இதே பட்டைதான் வரும்.

ரீல்ல ஏத்தறது 120-ல கொஞ்சம் படுத்தும். அகலமான பிலிம், மெல்லிசு, விரல் பட்டு மடிஞ்சா பிறை வடிவத்துல ஒரு கருப்புத் தழும்பு படத்துல நிக்கும். அந்த ஸ்பாயில் ஆன முதல் ரோல தூக்கிப் போடாதீங்க, அதோட பேப்பரும் லேப்ல கெடைச்சா வாங்கி வெச்சு சேத்து சுத்தி வெச்சுக்கோங்க, கேமராவுல லோட் பண்ணிப் பழக, ரீல்ல ஏத்திப் பழக அது போதும். முதல்ல கண்ண திறந்து, அப்புறம் கண்ண மூடி, அப்புறம் சேஞ்சிங் பேக்குக்குள்ள, கை மட்டும் நுழையற, வெளிச்சம் புகாத பை அது. இருட்டுல பிரிக்கறப்ப முதல்ல வெறும் பேப்பர் வரும், அப்புறம் பிலிமோட ஒட்டாத நுனி, கடைசில பேப்பரோட டேப் போட்டு ஒட்டுன நுனி. அந்த டேப்ப வெடுக்குன்னு பிச்சா தீப்பொறி மாதிரி ஒரு வெளிச்சம் அடிக்கும், மெதுவா உரிங்க, இல்ல கத்திரியால வெட்டிடுங்க. நம்ம ஊரு புழுக்கத்துல பேக்குக்குள்ள கை வேர்க்கும், ஈரம் பட்டா பிளாஸ்டிக் ரீல்ல பிலிம் பாதில நின்னுக்கும், அப்ப பலமா தள்ளாதீங்க, எல்லாத்தையும் டேங்க்குள்ள போட்டு மூடிட்டு கைய வெளிய எடுத்து தொடைச்சுக்கிட்டு அஞ்சு நிமிஷம் கழிச்சு ஆரம்பிங்க. ரீல் ஒரு நாள் முன்னாடியே கழுவி நல்லா காஞ்சிருக்கணும்.

டெம்பரேச்சர் நீங்க எழுதவே இல்ல, ஆனா படத்துல கருப்பு வெள்ளை வித்தியாசம் ரொம்ப கடுசா இருக்கறத பாத்தா குழாய் தண்ணிலயே கலக்குனீங்கன்னு தோணுது. சென்னைல மே மாசம் மாடி டேங்க் தண்ணி முப்பது டிகிரிய தாண்டி நிக்கும். அட்டவணை எல்லாம் 20 டிகிரிக்குப் போட்டது. இல்ஃபோர்ட் எச்பி5 பிளஸ் பிலிமுக்கு ஐடி-11 டெவலப்பர தண்ணி கலக்காம அப்படியே ஊத்துனா 20 டிகிரில ஏழரை நிமிஷம், முப்பதுல அத சமமா குறைச்சா மூணு நிமிஷத்துக்குக் கிட்ட வந்து நிக்கும், அவ்ளோ கம்மி நேரத்துல டெவலப்பர் ஊத்தி வடிக்கற இடைவெளிலயே திட்டுத்திட்டா ஆயிடும். அஞ்சு நிமிஷத்துக்குக் கீழ போகாதீங்க. அதே டெவலப்பர ஒண்ணுக்கு ஒண்ணு தண்ணி சேத்தா 20 டிகிரில 13 நிமிஷம், 24-ல ஒம்பது நிமிஷம் பக்கம், நம்ம ஊருக்கு இதுதான் வசதி. ஒரு பக்கெட்ல தண்ணி, அதுல ஐஸ் கட்டிய பிளாஸ்டிக் கவர்ல கட்டிப் போட்டு, எல்லா பாட்டிலையும் அதுக்குள்ள நிக்க வெச்சா அர மணில 24-க்கு வந்துடும். டெவலப்பர் மட்டும் குளிர்ச்சியா இருந்து, ஃபிக்சரும் கழுவற தண்ணியும் சூடா இருக்கக்கூடாது, எல்லாம் கிட்டத்தட்ட ஒரே டெம்பரேச்சர்ல இருக்கணும். கடைசி அலசலுக்கு போர் தண்ணி வேணாம், உப்புக்கறை வட்டம் வட்டமா காஞ்சு நிக்கும், பேட்டரி கடைல விக்கற டிஸ்டில்ட் வாட்டர்ல வெட்டிங் ஏஜென்ட் (தண்ணி சொட்டா நிக்காம வழிய வைக்கற கெமிக்கல்) ரெண்டு சொட்டு விட்டு அலசுங்க, ஆசிட் கலந்த பாட்டில எடுத்துடாதீங்க. காய வைக்கறப்ப ஃபேன போடக்கூடாது, இருக்கற தூசி எல்லாம் ஈரப் பிலிம்ல வந்து உக்காரும். பாத்ரூம்ல தொங்கவிட்டு கதவ சாத்திட்டு வந்துடுங்க.

நெத்தி விஷயம் சின்னது. பாக்கற லென்ஸ் மேல, எடுக்கற லென்ஸ் அதுக்குக் கீழ, நடுவுல ஏறக்குறைய அஞ்சு சென்டிமீட்டர். தூரத்துல இருக்கற கடற்கரைக் கோயிலுக்கு அந்த அஞ்சு சென்டிமீட்டர் ஒண்ணுமே இல்ல, ஒரு மீட்டர்ல நிக்கற ஆளுக்கு அது நெத்தி. ஃப்ரேம் பண்ணி முடிச்சதும் கேமராவ அந்த அளவு மேல தூக்கிட்டு அமுக்குங்க, ட்ரைபாட்ல இருந்தா நடு கம்பிய ஏத்திக்கலாம். மாமியா அவங்க ட்வின் லென்ஸ் கேமராக்களுக்கு இதுக்குன்னே பாராமெண்டர்னு ஒரு சாமான் செஞ்சாங்க, ட்ரைபாட்ல கேமராவ சரியா அந்த தூரத்துக்கு உயர்த்தும். கிட்டக்க எடுக்கறப்ப இன்னொண்ணும் கவனிங்க, 80 எம்எம் லென்ஸ எஃப் 3.5-ல முழுசா திறந்து வெச்சு ஒரு மீட்டர்ல ஃபோகஸ் பண்ணா கூர்மையா வர்ற ஆழம் அஞ்சு சென்டிமீட்டர் சொச்சம்தான். மூக்கு நுனில ஃபோகஸ் பண்ணா கண்ணு போச்சு. ஹுட்ல இருக்கற சின்ன பூதக்கண்ணாடிய தூக்கி வெச்சு கண்ணுல ஃபோகஸ் பண்ணுங்க, வெளிச்சம் இருந்தா எஃப் 8-க்கு மூடுங்க. இடது வலது மாறித் தெரியறது ஒரு வாரத்துல பழகிடும், அதுக்கு எந்த உபாயமும் இல்ல.

கேமராவோட மீட்டர நம்பலாமான்னு கடைசில ஒரு வரி கேட்டிருந்தீங்க. அது 1.35 வோல்ட் மெர்குரி பேட்டரிக்கு செஞ்சது, அந்த பேட்டரி இப்ப வர்றதில்ல. அதே சைஸ்ல கடைல குடுக்கற ஆல்கலைன் 1.5 வோல்ட், அத போட்டா மீட்டர் இருக்கறத விட வெளிச்சம் ஜாஸ்தின்னு காட்டும், நீங்க நம்பி கம்மியா எக்ஸ்போஸ் பண்ணுவீங்க, நிழல் பகுதில விவரம் இல்லாம போகும். காது கேக்கற மெஷினுக்கு விக்கற 675 சைஸ் ஜிங்க் ஏர் பேட்டரி 1.4 வோல்ட், சுத்தி ஒரு வளையம் வெச்சு மாட்டுனா ஓரளவு நெருங்கும். என்னைக் கேட்டா அந்த ஊசிய பாக்கவே வேணாம், போன்ல ஒரு லைட் மீட்டர் ஆப் போட்டுக்கோங்க, அதையும் நல்ல வெயில்ல எஃப் 16-க்கு பிலிம் ஸ்பீடுக்குக் கிட்ட இருக்கற ஷட்டர்ங்கற பழைய கணக்கோட ஒத்துப் பாத்துக்கோங்க. நெகட்டிவ் பிலிம்ல சந்தேகம்னா கொஞ்சம் கூட குடுங்க, தாங்கும், கம்மியானாத்தான் திரும்பி வராது.

கத்துக்கற நேரத்துல டேட் முடிஞ்ச ரோல் வேணாம். ஊட்டி இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் காலத்து இந்து ரோல் கெடைக்குதுன்னு யாராவது நீட்டினாலும் ஞாபகத்துக்கு வாங்கி வெச்சுக்கோங்க, அதுல எடுத்து ஏதாவது சொதப்பினா தப்பு உங்களோடதா பிலிமோடதான்னு பிரிக்கவே முடியாது. புது ரோல ஃப்ரிட்ஜ்ல வெச்சிருந்தா எடுத்த உடனே கவர பிரிக்காதீங்க, ஒரு ரெண்டு மணி நேரம் வெளிய இருக்கட்டும், நம்ம ஈரக்காத்துக்கு குளிர்ந்த பிலிம் மேல உடனே வேர்வை பூக்கும். எடுத்து முடிச்ச ரோலையும் மாசக்கணக்குல சூட்டுலயும் ஈரத்துலயும் போட்டு வெச்சா பேப்பர்ல இருக்கற நம்பரும் புள்ளியும் வானத்துல வந்து அச்சாகி நிக்கும், கலர் ரோல்ல பல பேருக்கு நடந்திருக்கு. சீக்கிரம் கழுவிடுங்க.

அடுத்த ரோல் கருப்பு வெள்ளை 400 ஒண்ணு போதும். ஆறு படம் வெளிய, ஆறு படம் வீட்டுக்குள்ள எக்ஸ்ல வெச்சு ஃப்ளாஷோட எடுங்க, ஒவ்வொண்ணுக்கும் எஃப் நம்பர், ஷட்டர், தூரம் ஒரு துண்டு சீட்டுல எழுதி வைங்க. காஞ்சதும் வெட்டாம ஜன்னல் வெளிச்சத்துல பிடிச்சு, ரெண்டு ஓரமும் முழுசா தெரியற மாதிரி போன்ல எடுத்து அந்தச் சீட்டோட சேத்து அனுப்புங்க, இடைவெளிய வெச்சு கேமராவ சர்வீசுக்கு குடுக்கணுமா வேணாமான்னு அப்ப சொல்றேன்.